‘நீங்க என்ன ஆளுங்க?’: ஒன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு

ஜூன் மாதம் வந்தால் பத்திரிகைகளின் குழந்தை வளர்ப்புப் பக்கங்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். ‘உங்கள் செல்லம் ஒன்றாம் வகுப்பு போகிறதா? பெற்றோர் அறிய வேண்டியவை’ என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். பென்சிலை எப்படிப் பிடிக்க வேண்டும், இரவு எத்தனை மணிக்குத் தூங்க வைக்க வேண்டும், டிபன் பாக்ஸில் என்ன காய் வைக்கலாம், பிள்ளை அழுதால் வாசலில் நிற்காமல் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நல்ல யோசனைகள்தான். ஆனால் அந்தச் செல்லம் எந்தத் தெருவிலிருந்து புறப்படுகிறது என்று அந்தப் பக்கங்கள் ஒருபோதும் கேட்பதில்லை. அதற்கு ஒரு தெருவே கிடையாது, வானத்திலிருந்து நேராகப் பள்ளி வாசலில் இறங்கிவிட்டது போல எழுதுகிறார்கள்.

என் அக்கா மகள் 2025 ஜூனில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, “அம்மா, நாம என்ன ஆளுங்க?” என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்காரும் பிள்ளை கேட்டதாம். இவளுக்குத் தெரியவில்லை. “அம்மாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், வீட்டுப்பாடம் போல.

எங்கள் பக்கத்தில் ‘என்ன ஆளுங்க’ என்பதற்கு விளக்கம் தேவையில்லை. பஸ்ஸில், கல்யாண வீட்டில், வாடகைக்கு வீடு பார்க்கும்போது, மனிதனை அளக்கப் பயன்படுத்தும் முழம் அது. அன்று இரவு அக்கா எனக்குப் போன் செய்து, “என்னடா சொல்றது அவகிட்ட?” என்றாள். பள்ளிக்கூடமும் சாதியும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நாலு வருடமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல அந்தக் குறிப்புகளில் ஒரு வரி இல்லை.

கேட்ட பிள்ளைக்கும் ஐந்து வயதுதான். அதைச் சொல்லிக் குற்றமில்லை. கேள்வி அதன் வீட்டிலிருந்து, டிபன் பாக்ஸோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கப்பட்டது. ஆகவே பெற்றோர் அறிய வேண்டியவை என்று யாராவது எழுதினால் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: ‘அ’ எழுதப் பழகும் அதே வருடத்தில்தான் இந்த ஊரில் பிள்ளை தன் சாதியையும் கற்றுக்கொள்கிறது. அதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் சம்பளம் வாங்குவதில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது 1997 ஜூனில், ராஜபாளையத்தில். அந்த வருடம்தான் விருதுநகர் மாவட்டத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அறிவித்தார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் நாங்கள் ஏறுவதா என்று ஆதிக்க சாதியினர் கொதித்தார்கள். கலவரம் வந்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டு விஷயத்தை முடித்தது. இவையெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா பல நாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்பதும், இருட்டிய பிறகு வெளியே ஒன்றுக்குப் போகக்கூட விடவில்லை என்பதும்தான்.

நாங்கள் அருந்ததியர். வீட்டில் தெலுங்கு. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுவது ஒரு குறையே இல்லை. ஊரின் பெரிய வீடுகளில், மில் முதலாளிகள் வீடுகளில் பேசுவதும் தெலுங்குதான். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜாவின் வீட்டு மொழியும் அதுதான். ஆனால் வகுப்பில் நான் தாகத்துக்கு ‘நீள்ளு’ என்று கேட்டபோது டீச்சர் சிரித்தார், டீச்சர் சிரித்ததால் வகுப்பே சிரித்தது. அந்த வாயிலிருந்து வந்தால் அது பரம்பரை, இந்த வாயிலிருந்து வந்தால் கொச்சை. மொழி ஒன்றுதான். அன்றிலிருந்து பள்ளியில் நான் தண்ணீர் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வகுப்பில் கை தூக்காத பிள்ளையை ‘மந்தம்’ என்று எழுதும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்று. மழைக்காலத்தில் ஒருநாள் வகுப்பு மூலையில் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது. நாற்பது பிள்ளைகள் இருந்தோம். டீச்சர் என்னைப் பார்த்து, “நீ எடுத்துப் போடுடா, உங்கம்மா செய்றதுதானே” என்றார். அம்மா நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறார்கள், விளக்குமாறு அதேதான். நான் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டேன். இதில் எனக்கு இன்றும் கூசுவது எது தெரியுமா? அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. மற்றவர்கள் பயந்ததைச் செய்துவிட்டோம் என்று. வீட்டில் வந்து சொன்னபோது அம்மா ஒன்றும் பேசாமல் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள்.

1900 நவம்பர் 7 அன்று சத்தாராவில் ஓர் அரசுப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் பீமாராவ் என்ற சிறுவன் சேர்க்கப்பட்டான். மராட்டிய அரசு இப்போது அந்த நாளை மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது. உட்கார வீட்டிலிருந்து சாக்கு கொண்டுபோக வேண்டும், மாலையில் அதைத் திரும்ப எடுத்துவர வேண்டும், பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்பதைப் பாபாசாகேப் பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கிறார். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. சாக்கிலிருந்து பெஞ்சுக்கு ஏற நமக்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பெஞ்சில் ஏறிய பிறகு பக்கத்தில் உட்காரும் பிள்ளை கேட்கிறது, நீங்க என்ன ஆளுங்க.

அக்கா மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் பெரிய சண்டை. நான் அரசுப் பள்ளி என்றேன். காலை உணவு இருக்கிறது, எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறார். இலவசம் என்பதற்காக அல்ல, உரிமை என்பதற்காக. காமராசர் பிறந்த மாவட்டத்துக்காரன் வேறென்ன சொல்வான்? அக்கா ஸ்பின்னிங் மில்லில் நின்று நின்று கால் வீங்கியவள். அவள் சொன்னாள்: “எலியத் தூக்கிப் போட்ட பள்ளிக்கூடத்துக்கா என் பிள்ளைய அனுப்பச் சொல்ற? நீ ஊர் ஊரா மீட்டிங் பேசுறதுக்கு என் பிள்ளைதான் கிடைச்சாளா?” நான் வாயை மூடிக்கொண்டேன்.

தனியார் பள்ளியில் சாதி இல்லை, காசு மட்டும்தான் என்று அவள் நம்பினாள். நம் தெருக்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்துக்கு முயலலாம் என்று ஏப்ரலிலிருந்தே காத்திருந்தாள். ஆனால் 2025இல் வழக்கமான நேரத்தில் அந்தச் சேர்க்கை தொடங்கவே இல்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தி வைத்தது. பணம் வரவில்லை என்று மாநில அரசு சேர்க்கையை நிறுத்தியது. இரண்டு அரசுகளின் சண்டையில் இடம் போனது யாருக்கு? அக்கா மகளிர் குழுவில் கடன் வாங்கி பீஸ் கட்டினாள். அந்தக் கடனின் வார தவணை இன்னும் ஓடுகிறது.

அந்த 25 விழுக்காட்டைப் பற்றிப் பள்ளிகள் சொல்லாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுபான்மை நிறுவனம் என்று சான்று பெற்ற பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே கான்வென்ட் வாசலில் வரிசையில் நிற்பதற்கு முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்தால் அந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பாகவோ தனி நேரத்திலோ பிரித்து வைக்கக் கூடாது என்பது விதி. சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு, நேர்காணல் எதுவும் வைக்கக் கூடாது. நன்கொடை கேட்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அடிக்கக் கூடாது, மனதை நோகடிக்கவும் கூடாது, இது 17ஆம் பிரிவு. ‘உங்கம்மா செய்றதுதானே’ என்பது மனதை நோகடிப்பதில் வருமா வராதா என்று யாராவது வழக்கறிஞர் எனக்குச் சொல்லட்டும்.

கிராமங்களில் நான் ஆய்வுக்காகப் பார்த்தது வேறு கதை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சுற்றுவட்டத்தில் காலையில் மஞ்சள் வேன்கள் ஓடுகின்றன. ஊர்த் தெருவுக்குள் வாசல் வாசலாக வந்து பிள்ளைகளை ஏற்றும் வேன், காலனிக்குள் வராமல் மெயின் ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். கேட்டால் ரோடு குறுகல் என்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் வேனில் போய்விட்ட பிறகு அரசுத் தொடக்கப் பள்ளியில் மிஞ்சுவது காலனிப் பிள்ளைகள் மட்டும். அதன்பின் ஊர் அந்தப் பள்ளியை ‘எஸ்.சி. ஸ்கூல்’ என்கிறது. யாரும் யாரையும் வெளியேற்றவில்லை, எல்லோரும் தாமாகவே பிரிந்துகொண்டார்கள். தீண்டாமைக்கு வேன் வாடகை மாதம் இவ்வளவு என்று கட்டுகிறார்கள். இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஆவணம் தேவையில்லை. பிள்ளை தெருப் பெயரைச் சொன்னதும் முகம் மாறுவதை எந்த அரசாணையால் நீக்குவது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காப்பாற்றப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்கக் கூடாது, சாதிக் கயிறு கூடாது. இவை அதில் சில. கயிறும் பொட்டும் பற்றித்தான் எல்லோரும் கத்தினார்கள். என்னைக் கேட்டால் அந்த அறிக்கையின் உயிர் உட்காரும் வரிசையில் இருக்கிறது. நாங்குநேரியில் அரிவாள் எடுத்தவர்களும் ஒருநாள் ஒன்றாம் வகுப்பில் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தானே. யார் பக்கத்தில் என்பதை யார் முடிவு செய்தார்கள்?

சாதிச் சான்றிதழ் பற்றி முற்போக்குப் பெற்றோர் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு: “எங்க பிள்ளைக்குச் சாதி, மதம் காலத்தை வெறுமையா விட்டுட்டோம்.” விடலாம், 1973லிருந்தே அதற்கு அரசாணை இருக்கிறது. சாதி பார்க்காமல் வாழ வசதி உள்ளவர்கள் விடட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதையே நம் பெற்றோருக்கு அறிவுரையாகச் சொல்லாதீர்கள். காலத்தை வெறுமையாக விட்டால் ஊர் எங்கள் சாதியை மறந்துவிடாது, இடஒதுக்கீடு மட்டும்தான் மறக்கும். அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழில் சாதிப் பெயர் சரியாக இருக்க வேண்டும். சேர்க்கையின்போதே, எழுத்துப் பிழை இல்லாமல், பெற்றோர் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னால் திருத்த அலைந்தவர்களை எனக்குத் தெரியும். செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கத்திலும் இருக்கும் பளியர் வீட்டுப் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கடினம். பட்டியல் சாதிக்குத் தாசில்தார் கொடுப்பதை, பழங்குடிக்குக் கோட்டாட்சியர் வரை போய் வாங்க வேண்டும். காட்டிலிருந்து இறங்கி ஒருநாள் கூலியை விட்டு எத்தனை தடவை வருவார்கள்?

சாப்பாட்டுக்கு வருவோம். நூறு வருடங்களுக்கு முன் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. ஓமந்தூராரின் மகன் வீட்டுக்கு வந்து சொன்னதில்தான் விஷயம் வெளியே வந்தது, பெரியார் காங்கிரசிலிருந்து வெளியேறும் வழியில் அது ஒரு முக்கியமான மைல் கல். ஒரு சிறுவன் சாயங்காலம் வீட்டில் சொன்ன வார்த்தை தமிழ்நாட்டு அரசியலைத் திருப்பியிருக்கிறது. பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

பந்தி இன்னும் முடியவில்லை. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், காலை உணவு சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்து, அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழியும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பாஞ்சாங்குளம். ராஜபாளையத்திலிருந்து ரொம்ப தூரமில்லை. பள்ளிப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போகிறார்கள். ஊரில் கூடிக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்கு இனி கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். அதை அவரே வீடியோ எடுக்கிறார். கைதானார்கள், ஊருக்குள் வரத் தடை விதித்தது நீதிமன்றம். எனக்கு அந்த வீடியோவில் மறக்க முடியாதது ஒரு சிறுவன் திரும்பக் கேட்பது. கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. காசு கையில் இருக்கிறது, மிட்டாய் பாட்டிலில் இருக்கிறது, நடுவில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

இடைநிலைச் சாதிப் பெற்றோரே, உங்களிடம்தான் பேசுகிறேன். ‘சின்னப் பிள்ளைகளுக்கு எதற்குச் சாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்’ என்று நீங்கள்தான் அடிக்கடி கேட்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். காது குத்து ஃபிளெக்ஸில் பிள்ளையின் படத்துக்குக் கீழே சாதிச் சங்கத்தின் பெயரைப் போட்டு, குருபூசைக்கு மஞ்சள் சட்டை, பச்சைத் துண்டு என்று உடுத்தி வண்டியின் முன்னால் நிற்க வைத்து, ‘யார் கூட உட்கார்ந்த, அவன் அப்பா பேரு என்ன, எந்தத் தெரு’ என்று முதல் நாளே விசாரித்து. என் சாதி, உன் சாதி என்று பேதமில்லாமல் எல்லாச் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. தேவேந்திரர் வீட்டில் எங்களைக் கேட்கும் தொனியும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். உங்கள் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டது உங்கள் காதுக்கு வந்தால், ‘அப்படியெல்லாம் வெளியில கேட்கக் கூடாது’ என்று சொல்லாதீர்கள். வெளியில் கேட்கக் கூடாது என்றால் உள்ளே கேட்கலாம் என்றுதான் பிள்ளைக்குப் புரியும்.

நம் பெற்றோருக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். பள்ளி சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். எங்கள் அம்மா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்லாமல் விட்டாள், அதனால்தான் எலியைத் தூக்கியதைப் பெருமை என்று நினைத்தேன். யாராவது கையை உதறினால், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டால், தப்பு உன் மேல் இல்லை என்பது ஐந்து வயதுக்குப் புரியும். பெருக்க, தண்ணீர் எடுக்க, கக்கூஸ் கழுவ உன்னை மட்டும் கூப்பிட்டால் வந்து சொல் என்பதும் புரியும். பெருந்துறை ஒன்றியம் பாலக்கரையில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக 2022இல் தலைமையாசிரியர் கைதானது ஒரு வீட்டில் பிள்ளை சொல்லி, தாய் கேட்டதால்தான். பள்ளிக் கல்வித் துறைக்கு 14417, குழந்தைகளுக்கு 1098, வன்கொடுமைக்கு 14566. எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். அரசுப் பள்ளி என்றால் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

அக்கா மகளுக்கு என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அவளிடம் சாக்கைப் பற்றிச் சொன்னேன். பீமாராவ் என்ற பையன் சாக்கில் உட்கார்ந்து படித்த கதை. அவள் இரண்டு கேள்வி கேட்டாள். அந்தச் சாக்கு உறுத்தாதா? டீச்சர் ஏன் ஒண்ணும் சொல்லல?

பதினைந்து நாள் கழித்து அவள் இடத்தை மாற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து யாரோ வந்து கேட்டார்களாம். அக்கா போய் விசாரித்ததற்கு, “சின்னப் பிள்ளைங்கம்மா, அதுகளுக்கு என்ன தெரியும், நீங்கதான் பெருசு பண்றீங்க” என்று வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று இந்தத் தடவையும் நான்தான் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “நாம எந்திரிச்சுப் போனா அந்த பெஞ்சு அவங்களுக்குன்னு ஆயிரும்டா” என்றாள். பழைய இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும், மாற்றியதற்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அதில் இரண்டு இடத்தில் ‘தயவுகூர்ந்து’ என்று போட்டிருந்தேன். அக்கா பேனா வாங்கி இரண்டையும் அடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தாளாளரைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். மில்லில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறாள். அம்மாவும் வருகிறேன் என்கிறாள், நகராட்சிச் சீருடையோடு, வேலை முடிந்து நேராக.